பேராதனை சிவில், மூணாம் வருஷம்: ட்ரெயினிங்குக்குக் கொழும்பா, பதுளைப் பக்கமா?

மஸ்கெலியாக்காரி:

அண்ணாமார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். பேராதனை கம்பஸ்ல சிவில் படிக்கிறேன், மூணாம் வருஷம். ஊர் மஸ்கெலியாவுக்கு மேல ஒரு தோட்டம். அப்பா ஃபெக்டரில, அம்மா மலைல கொழுந்து எடுக்கிறாங்க. எங்க டிவிஷன்ல எனக்கு முன்னாடி என்ஜினியரிங் போனவங்க யாரும் இல்ல. வீட்டுல பெருமைக்குக் குறைவில்ல, ஆனா ஒண்ணை விசாரிக்கணும்னா ஆளே கிடையாது. அதான் இங்க வந்து கேக்கிறேன்.

இண்டஸ்ட்ரியல் ட்ரெயினிங்குக்கு ரெண்டு இடம் அமைஞ்சிருக்கு. ஒண்ணு கொழும்பு 3ல மாடிக் கட்டடம் கட்டுற பெரிய கொன்ட்ராக்ட் கம்பனி. பேர் சொன்னா எல்லாருக்கும் தெரியும். இன்னொண்ணு பதுளைப் பக்கம், மெயின் ரோட்டுக்கு மேல சரிஞ்ச மலையைப் பலப்படுத்துற சைட். சின்ன டீம். பேட்ச்ல இருக்கிறவங்க "கம்பஸ் வந்தும் மண்ணு வெட்டவா போறே"னு சிரிக்கிறாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒண்ணைச் சொல்லணும்.

இதோட சேர்த்து இன்னும் குழப்பம். மாமா கவர்மென்ட் வேலைதான் எடுக்கணும்னு நிக்கிறார். அத்தான் கத்தார்ல ஃபோர்மனா இருக்கார், டிகிரி கையில வந்ததும் ஃப்ளைட் ஏறுங்கிறார். அம்மாவுக்கு டித்வா புயல் அடிச்சதில இருந்து மழைன்னாலே பயம், "மலை சரியிற எடத்துக்குப் பொம்பளப் புள்ளைய அனுப்புறதா"ங்கிறாங்க. எனக்கு ஸ்ட்ரக்சர்ஸும் பிடிக்கும், சொயில் மெக்கானிக்ஸும் பிடிக்கும். இங்கிலீஷ் எழுதுவேன், பேச வாய் வராது. சிங்களம் பஸ்ல, கடையில சமாளிக்கிற அளவுதான்.

எதை வச்சு முடிவு எடுக்கிறதுன்னு யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.

---

தோஹா_ஷிஃப்ட்:

தங்கச்சி, அத்தான் பாசத்துல சொல்றார். ஆனா டிகிரி முடிச்ச கையோட இங்க வந்துடாதீங்க. கத்தார்ல என்ஜினியர்னு வேலை பாக்கணும்னா இங்கத்தைய பரீட்சை எழுதி அமைச்சில பதிவு எடுக்கணும். சவூதின்னா அங்க என்ஜினியர் கவுன்சில் பதிவு. ரெண்டுக்கும் அனுபவம் கேப்பாங்க. அனுபவம் இல்லாம வர்றவங்களை டெக்னீஷியன், டிராஃப்ட்ஸ்மன் விசாவுல இறக்கிடுறாங்க. வேலை என்ஜினியர் வேலை, சம்பளம் மட்டும் விசாவுல உள்ள பேருக்கு. அப்படி வந்து மாட்டிக்கிட்ட நம்ம பயலுக என்னோட கேம்ப்லயே இருக்காங்க.

ஊர்ல கொஞ்ச வருஷம் செஞ்சு, முடிஞ்சா சார்ட்டர்ட் என்ஜினியர் தகுதியும் எடுத்துட்டு வாங்க. அப்போ நீங்க விலை சொல்லலாம்.

ட்ரெயினிங் பத்தி எனக்குக் கருத்து இல்ல. நான் படிச்ச காலத்துல கிடைச்ச இடத்துக்குப் போனோம்.

---

கான்வெட்டுப்_பேத்தி:

தங்கச்சி, வெள்ளிக்கிழமை கெடு இருக்கிறதால முதல்ல பதிலைச் சொல்லிடுறேன். பதுளைக்குப் போ. ஏன்னு கீழ நீளமா எழுதுறேன், டீ ஒண்ணு ஊத்தி வச்சுக்கிட்டுப் படி.

நானும் தோட்டத்துப் பிள்ளைதான், பொகவந்தலாவைப் பக்கம். நானும் பேராதனைதான், அக்பர் பாலத்துல நடந்து லெக்சருக்குப் போனவ. இப்போ ஜியோடெக்னிக்கல் (மண், பாறை சம்பந்தப்பட்ட) வேலை, பெரும்பாலும் பதுளை, நுவரெலியா ரெண்டு மாவட்டத்துலயும் சுத்துறேன். அதனால நான் நடுநிலை இல்ல, இதைத் தெரிஞ்சுக்கிட்டே படி.

ட்ரெயினிங்குக்குப் போற இடத்தோட பேர் சிவியில ஒரு வரி. அந்த வரியைப் பார்த்து இன்டர்வியூவுக்குக் கூப்பிடுவாங்க, உண்மைதான். உள்ள போய் உக்காந்ததும் கேக்கிறது வேற: "நீ என்ன செஞ்சே?" பெரிய கம்பனில பத்துப் பன்னிரண்டு ட்ரெயினி இருந்தா, கொங்கிரீட் லொறி வந்த நேரத்தை எழுதுறது, டெஸ்ட் க்யூபுக்கு நம்பர் போடுறது, டிராயிங்கை ஃபோட்டோகொப்பி எடுக்கிறது, இதுலயே மாசங்கள் போயிடும். சொந்தக்காரங்க யாரும் இந்தத் துறையில இல்லாத நமக்கு, "நான் இதைச் செஞ்சேன்"னு சொல்ல நாலு விஷயம் கையில இருக்கணும். அப்பா பேரைச் சொன்னதும் "அட, அவரோட மகளா"ங்கிறதுக்கு அங்க யாரும் இல்ல.

சின்ன சைட்ல ஆள் பத்தாது. ஆள் பத்தாத இடத்துலதான் ட்ரெயினி கையில வேலை வரும்.

சரிவு வேலைன்னா மண்ணு வெட்டுறதுன்னு உன் பேட்ச் நினைக்குதில்ல, அது என்ன வேலைன்னு ஒரு துண்டு காட்டுறேன். போர்ஹோல் ரிக் (மண்ணைச் சோதிக்கத் துளை போடுற மெஷின்) பக்கத்துல நிக்கிறே. 63.5 கிலோ சுத்தியல் 760 மில்லிமீட்டர் உயரத்துல இருந்து குழாய் மேல விழுந்துட்டே இருக்கும், நீ எத்தனை அடின்னு எண்ணணும். முதல் 150 மில்லிமீட்டர் இறங்குறவரைக்கும் எண்ணுறது கணக்குல வராது. அடுத்த 300 மில்லிமீட்டருக்கு விழுற அடிதான் எஸ்.பி.டி. பெறுமதி, மண் எவ்வளவு இறுக்கம்னு காட்டுற எண். புத்தகத்துல இது ரெண்டு வரி, நீ படிச்சிருப்பே. மலையில நடக்கிறதைக் கேளு. பத்து, பன்னிரண்டுன்னு வந்துட்டு இருந்த அடி திடீர்னு ஐம்பதைத் தாண்டும், குழாய் அசையாது. ரிக் ஒபரேட்டர் "பாறை வந்துருச்சு மிஸ், எடுத்துடுவோம்"பார். அவருக்கு அடுத்த துளைக்குப் போகணும். ஆனா நம்ம மலைல மேல இருந்து எப்பவோ சரிஞ்சு வந்து படிஞ்ச மண்ணுக்குள்ள லொறி அளவு கல்லெல்லாம் புதைஞ்சு கிடக்கும். அந்தக் கல்லைக் கோர் (உருளைத் துண்டு) எடுத்துத் துளைச்சு இன்னும் ரெண்டு மூணு மீட்டர் இறங்கினா மறுபடியும் நசநசன்னு களி வரும். அந்தக் கல்லையே தாய்ப்பாறைன்னு எழுதிட்டு வந்தா, அதை நம்பிப் போடுற ஆங்கர் (சரிவை இழுத்துப் பிடிக்கிற கம்பி) எல்லாம் மிதக்கிற கல்லுலதான் போய்க் கட்டும். "இன்னும் இறக்குங்க"ன்னு சொல்றதுக்கு அந்த இடத்துல நிக்கிறது பல நாள் ட்ரெயினி மட்டும்தான். இப்படி ஒரு நாளை நீ இன்டர்வியூவுல சொன்னா எதிர்ல இருக்கிறவர் பேனாவைக் கீழ வச்சுட்டுக் கேப்பார்.

அடுத்தது தண்ணி. சரிவு வேலைல சுவர், கேபியன் (கம்பிக் கூடைல கல்லு நிரப்பினது), சொயில் நெயில் (மண்ணுக்குள்ள இறக்குற கம்பி), ஷொட்கிரீட் (பீச்சி அடிக்கிற கொங்கிரீட்) எல்லாம் கண்ணுக்குத் தெரியிறது. மலையைப் பிடிச்சு நிறுத்துறது பாதிக்கு மேல தண்ணியை வெளிய எடுக்கிற வேலைதான். சரிவுக்குள்ள கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்வா துளை போட்டு, ஓட்டை போட்ட பி.வி.சி. குழாயைச் சொருகுவாங்க. மழைக்கு அடுத்த நாள் காலைல ஒவ்வொரு குழாய்கிட்டயும் வாளியும் ஃபோனும் எடுத்துட்டுப் போய், வாளி நிறைய எத்தனை செக்கன் ஆகுதுன்னு எழுதிப் பாரு. ஒரு குழாய் கொட்டும், பக்கத்துல உள்ளது சொட்டும். ஏன்னு கேட்டுட்டுப் போனா மலைக்குள்ள தண்ணி எந்த வழியா நடக்குதுன்னு உனக்கே புரிய ஆரம்பிக்கும். ஒரு இடத்துல வீட்டு வரிசைக்குப் பின்னாடி கட்டின தாங்கு சுவரைப் பாக்கப் போனேன். வீப் ஹோல் (தண்ணி வடியிற ஓட்டை) எல்லாம் வரிசையா அழகா வச்சிருந்தாங்க, பின்னாடி வடிகட்டுற சல்லியோ துணியோ எதுவுமே இல்ல. ஒவ்வொரு ஓட்டையும் சிவப்பு மண்ணால அடைச்சுக் கிடந்துச்சு, ஒண்ணுல செடியே முளைச்சிருந்தது. சுவர் நடுவுல வயிறு தள்ளி நின்னுச்சு. கட்டினது யாருன்னு சொல்லமாட்டேன், பில்லு மட்டும் முழுசா எடுத்திருந்தாங்க.

எங்க தாத்தா தோட்டத்துல கான் (தண்ணி ஓடுற வாய்க்கால்) வெட்டுனவர். மலைல சாய்வு பார்த்து கான் எடுத்து, மழைக்கு முன்னாடி சேறு அள்ளிப் போட்டு வச்சா தண்ணி மண்ணுக்குள்ள இறங்காம ஓரமா ஓடிடும்னு அவருக்கு யாரும் டிகிரி குடுத்துச் சொல்லல. இப்போ ஆள் இல்லைன்னு நிறையத் தோட்டத்துல கான் தூர்ந்து கிடக்கு. நான் சைட்டுக்குப் போனா முதல்ல மேல ஏறிக் கானைப் பாக்கிறது அந்தப் பழக்கம்தான். லயத்துல (தோட்டத்து வரிசை வீட்டுல) வளர்ந்த உனக்கும் இது கண்ணுல இருக்கும். தேயிலைச் செடி வரிசை எங்க கோணுது, லயத்துச் சுவர் எந்தப் பக்கம் வெடிக்குது, ஊத்துத் தண்ணி எப்போ கலங்குது, இதெல்லாம் கொழும்புல இருந்து வர்ற என்ஜினியருக்கு நாம சொல்லித்தான் தெரியணும்.

வேலை இருக்குமான்னு கேப்பே. 2022ல டொலர் தட்டுப்பாட்டுல சிமெந்து, கம்பி விலை ஏறி, கொழும்புல பாதிக் கட்டடம் பாதியில நின்னப்போ எத்தனையோ என்ஜினியர் நாட்டை விட்டுப் போனாங்க. மலை அதுக்காகக் காத்திருக்கல. 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தத் தோட்டத்து மண்சரிவு நம்ம எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. 2025 நவம்பர் கடைசில டித்வா வந்து பதுளை, நுவரெலியா, கண்டின்னு ரோட்டு, ரயில்பாதை, வீடு எதையும் மிச்சம் வைக்கல. இதையெல்லாம் திரும்பக் கட்டுறது ஒரு வருஷத்து வேலை இல்ல. அதுக்கு முன்னாடியே ஜப்பான் உதவியோட ஆர்.டி.ஏ. (வீதி அபிவிருத்தி அதிகார சபை) ரோட்டோரச் சரிவுகளைப் பலப்படுத்துச்சு, ஆசிய உட்கட்டமைப்பு முதலீட்டு வங்கிக் கடன்ல என்.பி.ஆர்.ஓ. (தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம்) சரிவு வேலை செஞ்சுச்சு. மண்சரிவு ஆபத்து உள்ள இடத்துல வீடு கட்டவே என்.பி.ஆர்.ஓ. அனுமதி வேணும். 24 மணித்தியாலத்துல மழை 75 மில்லிமீட்டர் தாண்டினா அவதானம், 100 தாண்டினா தயாரா இரு, 150 தாண்டினா வெளியேறுன்னு ரேடியோவுல கேக்கிறோமே, அதுக்குப் பின்னாடி மழைமானி பாக்கிறவங்க, வரைபடம் போடுறவங்க, வெடிப்பு அளக்கிறவங்கன்னு ஒரு படையே வேலை செய்யுது. அதுலயும் சிவில்காரங்களுக்கு இடம் இருக்கு.

சரிவு பிடிக்கலைன்னா நீரும் இருக்கு. உன் வீட்டு வாசல்ல நின்னாலே மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் தெரியும். தலவாக்கலைல மேல் கொத்மலை 150 மெகாவாட், 2012ல தொடங்கினது. உமா ஓயா 120 மெகாவாட், 2024ல திறந்தாங்க. அந்தச் சுரங்கம் தோண்டினப்போ தண்ணி உள்ள புகுந்து, மேல பண்டாரவளைப் பக்கம் கிணறு வத்தி வீடு வெடிச்சது உனக்கும் தெரிஞ்சிருக்கும். கட்டிடம் கட்டத் தெரிஞ்சவன் ஆயிரம் பேர், மலைக்குள்ள தண்ணி என்ன செய்யும்னு முன்கூட்டியே சொல்லத் தெரிஞ்சவங்க கொஞ்சப் பேர்தான்.

கவர்மென்ட் பத்தி மாமாகிட்ட இப்படிச் சொல்லு. அது ஒரே கதவு இல்ல. இலங்கை பொறியியல் சேவைக்கு வர்த்தமானியில அறிவிச்சுப் பரீட்சை வச்சு எடுப்பாங்க, எப்போ வரும்னு யாராலும் சொல்ல முடியாது. ஆர்.டி.ஏ., நீர் வழங்கல் சபை, சி.ஈ.சி.பி. (அரசாங்கத்தோட என்ஜினியரிங் ஆலோசனை நிறுவனம்) மாதிரி இடங்கள் தனித்தனியா விளம்பரம் போடும். அதனால வர்த்தமானியைப் பாத்துட்டு வீட்டுல உக்காந்திருக்காம ஏதாவது ஒரு வேலைல இருந்துக்கிட்டே விண்ணப்பம் போடணும். உள்ள போனா குறிப்பிட்ட காலத்துக்குள்ள இரண்டாம் மொழித் தேர்ச்சியும் காட்டணும், அதனால சிங்களத்தை இப்பவே பிடி. சைட்ல பாஸ்மாரோட (மேசன்மாரோட) நின்னா தானா வரும். கிளாஸ்ல வராது.

இங்கிலீஷுக்குக் கம்பஸ்லயே தொழில் வழிகாட்டல் பிரிவு இருக்கே, போனியா? மாதிரி நேர்முகம் நடத்துவாங்க, சிவி பார்த்துத் திருத்தித் தருவாங்க. நாம என்ன செய்றோம்னா, கூச்சப்பட்டுக்கிட்டு நாலாம் வருஷக் கடைசில போய் நிக்கிறோம். அப்போ அங்க க்யூ. இந்த செமஸ்டர்லயே போ. பேசுறதுக்குப் பயிற்சி வேணும்னா, தினம் செஞ்ச வேலையை ராத்திரில ஃபோன்ல ரெண்டு நிமிஷம் இங்கிலீஷ்ல பேசிப் பதிவு பண்ணு. யாருக்கும் அனுப்ப வேணாம். இன்டர்வியூவுல கேக்கப்போறதும் அதே வேலையைப் பத்தித்தான், வானத்துல இருந்து எதுவும் வராது.

சிவி எழுதுறப்போ "சைட் சுப்பர்விஷன்"னு ஒரு சொல்லை எழுதிட்டு விடாதே, ஒருத்தரும் படிக்கமாட்டாங்க. எத்தனை வரிசை கேபியன் சுவர், கூடை என்ன அளவு, கல்லு சரியில்லைன்னு எதைத் திருப்பி அனுப்பினே, அளவுப் புத்தகத்துல உன் கணக்கும் கொன்ட்ராக்டர் கணக்கும் எங்க இடிச்சது, இப்படி எழுது.

ஒரு கசப்பையும் சொல்லி வைக்கிறேன். ஒரு கம்பனி இன்டர்வியூவுல என்னை "எஸ்டேட்டா? அப்பா என்ன செய்றார்?"னு கேட்டுட்டு மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. உன்னையும் கேப்பாங்க. "டீ ஃபெக்டரி"ன்னு ஒரே சொல்லுல சொல்லிட்டு அவங்க முகத்தையே பாரு. அடுத்த கேள்விக்கு அவங்களே வருவாங்க.

அம்மாவோட பயம் நியாயமானது. அதனால சரின்னு சொல்றதுக்கு முன்னாடி சைட்டுக்கு ஃபோன் பண்ணிக் கேளு: போடிங் யார் பாத்துத் தர்றது, சைட்ல பொம்பளைங்களுக்குக் கழிப்பறை இருக்கா, இதுக்கு முன்னாடி பொம்பளப் பிள்ளைங்க ட்ரெயினிங் செஞ்சிருக்காங்களா, மழை எச்சரிக்கை வந்தா வேலையை நிறுத்துறது யார். கடைசிக் கேள்விக்குத் தடுமாறினா அந்த சைட் வேணாம். ஒழுங்கான சரிவு சைட்ல மழைமானி இருக்கும், எந்த அளவுல ஆளை இறக்கணும்னு எழுதி ஒட்டியிருப்பாங்க. பூட்ஸ் நீயே வாங்கிட்டுப் போ, ஸ்டோர்ல ஆம்பள சைஸ் மட்டும்தான் இருக்கும்.

---

பைல்_கெப்:

அக்கா எழுதினதுல முக்கால்வாசி சரி, ஆனா முடிவோட எனக்கு உடன்பாடு இல்ல. நான் அட்டன்காரன், கொழும்புல ஸ்ட்ரக்சரல் டிசைன்ல இருக்கேன்.

மாடிக் கட்டடத்துல பைலிங், போஸ்ட் டென்ஷன் ஸ்லாப், கிரேன், பத்து சப்கொன்ட்ராக்டரை ஒரே நாள்ல ஓட்டுறது, ப்ரைமவேரா சொஃப்ட்வெயார்ல வேலை அட்டவணை போடுறது, இதெல்லாம் ஒரு மலைச் சரிவுல கிடைக்காது. ஈடாப்ஸ், ரெவிட் மாதிரி டிசைன் சொஃப்ட்வெயார் தெரிஞ்ச ஆளுக்குத் துபாய், சிங்கப்பூர், அவுஸ்திரேலியான்னு எங்கயும் இடம் இருக்கு. ஜியோடெக்னிக்கல்னா இலங்கைல கைவிட்டு எண்ணுற அளவு நிறுவனங்கள்தான். அதோட, அக்கா சொன்ன "தெரிஞ்ச ஆள் இல்லாத" பிரச்சினைக்குக் கொழும்புதான் மருந்து. எனக்கு முதல் வேலை கிடைச்சதே ட்ரெயினிங்ல பக்கத்துல இருந்த ப்ளேனிங் என்ஜினியர் சொன்ன ஒரு ஃபோன் கோலால.

ட்ரெயினியை ஃபோட்டோகொப்பி எடுக்க விடுற இடம் கொழும்புலயும் இருக்கு, மலைலயும் இருக்கு. பேரைப் பாத்து முடிவு பண்ணாம, போன பேட்ச்ல அங்க போனவங்க டயரியை வாங்கிப் பாருங்க. ரெண்டு இடத்து டயரியும் கிடைச்சா வெள்ளிக்கிழமை வரைக்கும் யோசிக்கவே தேவையில்ல.

இன்னொண்ணு. எங்க போனாலும் ஐ.ஈ.எஸ்.எல். (இலங்கைப் பொறியியலாளர் சங்கம்) மாணவர் அங்கத்துவம் எடுத்து வச்சுக்குங்க. டிகிரி முடிச்சதும் அசோஷியேட், பிறகு அனுபவம், அறிக்கை, நேர்முகம்னு சார்ட்டர்டுக்குப் போகலாம். இலங்கை 2014ல வொஷிங்டன் உடன்படிக்கையில (என்ஜினியரிங் டிகிரியை நாடுகள் ஒண்ணுக்கொண்ணு ஏத்துக்கிற ஒப்பந்தம்) முழு உறுப்புரிமை எடுத்ததால, அக்ரெடிட்டேஷன் உள்ள டிகிரிக்கு வெளிநாட்டுல மதிப்பு இருக்கு. இங்கயும் 2017 சட்டப்படி என்ஜினியரிங் கவுன்சில்ல பதியணும். இதைப் படிக்கிற காலத்துல யாரும் சொல்றதில்ல.

---

நோர்வூட்_டி.ஓ.:

நல்ல பேச்சு போகுது, நடுவுல நானும் ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். நான் டிகிரி இல்ல. ஏ.எல். கணிதப் பிரிவுல இசட் ஸ்கோர் பத்தல, எச்.என்.டி.ஈ. (என்ஜினியரிங் உயர் தேசிய டிப்ளோமா) செஞ்சு இப்போ பிரதேச சபையில தொழினுட்ப உத்தியோகத்தர். இந்தத் திரியை ஏ.எல். பிள்ளைகளும் படிப்பாங்க, அவங்களுக்காக: கம்பஸ் கிடைக்கலைன்னா சிவில் முடிஞ்சுபோறதில்ல. எச்.என்.டி.ஈ. இருக்கு, தியகமவில மொரட்டுவக் கம்பஸோட என்.டி.டி. டிப்ளோமா இருக்கு, கட்டுநாயக்காவில என்.டி.ஈ.எஸ். டிப்ளோமா இருக்கு, என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) 5, 6 முடிச்சு யுனிவொடெக் (தொழிற்கல்விப் பல்கலைக்கழகம்) போகலாம், வேலை பாத்துக்கிட்டே திறந்த பல்கலைக்கழகத்துல டிகிரியும் எடுக்கலாம். நீளமான பாதைதான், ஆனா பாதை இருக்கு.

தோட்டத்துக்கு நம்ம ஆளுங்க டெக்னிக்கல் பக்கம் வரணும்னு நான் கத்துறதுக்குக் காரணம் இருக்கு. 1987 பிரதேச சபைச் சட்டத்துல தோட்டத்துக்குள்ள சபை காசு செலவழிக்கிறதுக்குத் தடை இருந்துச்சு. 2018ல தான் திருத்தினாங்க. இப்போ லயத்துக்குப் போற ரோட்டுக்குக் கொங்கிரீட் போட எஸ்டிமேட் எழுதுறேன். ஆனா தோட்டத்து ரோட்டுல ரோலர் ஏறுமா, கலவை எங்க கொட்டுறது, பக்கக் கான் எங்க விழணும், இதெல்லாம் தெரியாம ஓஃபீஸ்ல உக்காந்து எழுதின எஸ்டிமேட்டைப் பாத்தா சிரிப்பா வரும். ரோடு போட்ட அடுத்த மழைக்கு, ரோட்டுத் தண்ணி முழுக்கக் கீழ் லயத்துக் குசினிக்குள்ள. 7 பேர்ச் வீட்டுத் திட்டத்துலயும் அதே கதை. வீட்டை வரையிறதுக்கு ஆள் இருக்கு, வீடு நிக்கப்போற மேட்டைப் பாக்கத்தான் ஆள் இல்ல.

தங்கச்சி எங்க ட்ரெயினிங் போனாலும் பரவாயில்ல, லெவல் மெஷினை நீங்களே செட் பண்ணி, நீங்களே வாசிக்கப் பழகுங்க. ஸ்டாஃப் பிடிக்க மட்டும் நிக்காதீங்க.

---

மஸ்கெலியாக்காரி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இவ்வளவு பதில் வரும்னு நினைக்கல.

பைல்_கெப் அண்ணா சொன்ன மாதிரி சீனியர்ஸ்கிட்ட டயரி கேட்டேன். கொழும்பு இடத்துக்குப் போன அண்ணாவோட டயரில முதல் பாதி நல்லா இருக்கு, பைலிங் நடந்த காலம். பைலிங் முடிஞ்சதும் பக்கம் பக்கமா "ஸ்லாப் கொங்கிரீட் கண்காணிப்பு"ன்னு ஒரே வரி. நான் போற நேரம் மேல் மாடிகள்தான் நடக்கும்னு அவரே சொன்னார். பதுளை சைட்டுக்கு எங்க கம்பஸ்ல இருந்து இதுவரை யாரும் போகல, அதனால டயரி இல்ல. ஃபோன் பண்ணி அக்கா சொன்ன கேள்வியெல்லாம் கேட்டேன். கழிப்பறை இருக்காம், கன்சல்டன்ட் பக்கத்துல ஒரு மெடம் இருக்காங்களாம், போடிங் அவங்க இருக்கிற வீட்டுலயே பாக்கலாம்னாங்க. மழை பத்திக் கேட்டதும் அந்த சேர் டக்குன்னு அளவுகளைச் சொல்லிட்டு, "ட்ரெயினி ஒருத்தர் இதைக் கேட்டது இதுதான் முதல் தடவை"ன்னு சிரிச்சார்.

அம்மாகிட்ட மெடத்தைப் பேச வச்சேன். அரைமனசா சரின்னுட்டாங்க. நாளைக்கு டிபார்ட்மென்ட்ல பதுளைன்னு குடுக்கப்போறேன். ஆனா பைல்_கெப் அண்ணா சொன்ன ஸ்ட்ரக்சர்ஸ் பக்கத்தை முழுசா விட மனசில்ல. சரிவு சைட்ல இருந்துக்கிட்டு அதுல ஏதாவது செய்ய முடியுமா? டயரியும் எப்படி எழுதுறதுன்னு கொஞ்சம் சொல்லுங்க அக்கா.

---

பைல்_கெப்:

அந்த மழைப் பதில் ஒண்ணே போதும், போங்க. ஸ்ட்ரக்சர்ஸுக்கு: அங்க ஏதாவது தாங்கு சுவர் கொங்கிரீட்ல வரும். டிராயிங்கை வாங்கி, புரளுமா, வழுக்குமா, அடியில மண் தாங்குமா, தண்டுல எவ்வளவு கம்பின்னு நீங்களே கையால போட்டுப் பாருங்க. விடை டிசைனோட ஒத்து வரலைன்னா விடாதீங்க, ஏன்னு கேளுங்க. யூரோகோட்ல (ஐரோப்பிய டிசைன் விதில) போடுங்க, பழைய பிரிட்டிஷ் விதி பி.எஸ். 8110 மட்டும் தெரிஞ்சா இனிப் பத்தாது. பார் பெண்டிங் ஷெடியூல் (கம்பி வளைக்கிற அளவுப் பட்டியல்) ஒண்ணும் கையால எழுதிடுங்க. நாலாம் வருஷம் எலெக்டிவ் எடுக்கிறப்போ ரெண்டையும் சேர்த்து எடுக்கலாம். சுவருக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு தெரிஞ்ச டிசைனர் எங்க ஓஃபீஸ்லயே ரெண்டு பேர்தான்.

---

கான்வெட்டுப்_பேத்தி:

நல்லதா போச்சு. அந்த சேர்கிட்ட வாரத்துல ஒரு நாள் அரை மணித்தியாலம் கேட்டு வாங்கு. "நேரம் இருக்கும்போது சொல்லுங்க சேர்"னு கேட்டா நேரமே வராது, "சனிக்கிழமை காலைல டீக்கு முன்னாடி"ன்னு கேளு.

டயரிக்கு: நைட்டா (தொழிற்பயிற்சி அதிகார சபை) டயரில இடம் குறைவு, அதுல சுருக்கமா எழுது. கூடவே சொந்தமா ஒரு தடிச்ச கோடு போட்ட கொப்பி வச்சுக்கோ. ஒவ்வொரு நாளும் ஒரு படம் கையால வரை. அளவு போடு, வடக்கு எந்தப் பக்கம்னு போடு, தண்ணி எங்க இருந்து வருதுன்னு அம்புக்குறி போடு. கோர் பொக்ஸை ஃபோட்டோ எடுக்கிறப்போ போர்ஹோல் நம்பரும் ஆழமும் தெரியிற மாதிரி எடு. காஞ்சதும் கல்லோட நிறம் மாறிடும், அதனால ஈரமா ஒண்ணு, காஞ்சு ஒண்ணு. ஆனா கம்பனி ரிப்போர்ட்டையோ டிராயிங்கையோ சொல்லாம வெளிய எடுத்துட்டு வராதே, உன் பேர் கெட்டுப்போகும்.

மழைக்குக் குடை எடுத்துட்டுப் போகாதே, ரெண்டு கையும் வேணும். முழங்கால் தாண்டுற ரெயின்கோட், அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும். டயரியில வாராவாரம் கையெழுத்து வாங்கிடு. மாசக் கடைசிக்குன்னு சேத்து வச்சா, அந்த என்ஜினியர் வேற சைட்டுக்கு மாறிப் போயிருப்பார், புதுசா வந்தவர் நீ எழுதினது எதுக்கும் கையெழுத்துப் போடமாட்டார்.